பென்சில் பிடித்துச் செபிக்கலாம்: தவக்காலத்துக்கு ஒரு கட்டத்தாள்

கண்ணை மூடியதுமே மனம் கடைத்தெருவுக்கு ஓடிவிடுகிறதா? கைக்கு ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், நாளுக்கு ஒரு கட்டமாக ஒருவர் பெயரை எழுதி, அதைச் சுற்றிக் கோடு போட்டபடியே அவருக்காக மன்றாடுவதுதான் இந்த முறை. ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தாள் தயாரிப்பு

ஏ3 அளவு டிராயிங் தாள், அடிக்கோல், ஊதா உட்பட நான்கைந்து கலர் பென்சில் போதும். ஸ்கெட்ச் பேனா வேண்டாம். மை பரவிப் பக்கத்துக் கட்டத்தையும் கெடுத்துவிடும்.

தாளை நெடுக்காக வைத்து, மேலே 3 செ.மீ. விட்டு, 4 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமுமாகக் கட்டம் போடுங்கள். வரிசைக்கு ஏழு, மொத்தம் ஏழு வரிசை. தலைப்பில் ஞாயிறு முதல் சனி வரை எழுதுங்கள். முதல் வரிசையில் புதன் கட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதுதான் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். கடைசிக் கட்டம் ஈஸ்டருக்கு முந்தைய நாளான புனித சனி.

தவக்காலம் 40 நாள்தானே என்று பலரும் 40 கட்டம் மட்டும் போட்டுவிட்டு, பாதியில் கணக்கு இடிக்கிறதே என்று திகைப்பார்கள். இந்தத் தாளில் வருவது 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40.

தினமும் பத்து நிமிடம்

1. உங்கள் மேல் சிலுவை அடையாளம் வரைந்து, ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.
2. கட்டத்தின் நடுவில் ஒரே ஒரு பெயர். மூன்று நான்கு பெயரை அடைத்தால் அது வெறும் பட்டியலாகிவிடும். தாள் சுவரில் தொங்கும் என்பதால் முதலெழுத்து மட்டும் போதும். பிறர் நோயும் கடனும் விருந்தாளி கண்ணில் படக் கூடாது.
3. பெயரைச் சுற்றி வளைவு, புள்ளி, இலை என்று கை போனபடி வரையுங்கள். வார்த்தை வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் கோடே மன்றாட்டு. அழிப்பானை எடுத்துவிட்டீர்கள் என்றால் படத்தின் மேல் கவனம் போய்விட்டது என்று பொருள். பென்சிலைக் கீழே வைத்து மறுபடி பெயரைப் பாருங்கள்.
4. "ஆண்டவரே, இவரை உம் கையில் ஒப்படைக்கிறேன்" என்று சொல்லி முடியுங்கள்.

விட்டுப்போன நாளின் கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஞாயிறு மாலை உட்கார்ந்து நான்கு நாளைச் சேர்த்து நிரப்புவது வீட்டுப்பாடம், செபமல்ல.

வெள்ளிக்கிழமைகள்

இந்தத் தாளில் நமக்கு மிகப் பிடித்த இடம் இது. சாம்பல் பூசிய வாரம் தொடங்கி புனித வெள்ளி வரை ஏழு வெள்ளி. இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதையில் 14 நிலை. வெள்ளிக்கு இரண்டு நிலை என்று கட்டத்தைக் குறுக்கே பிரித்துக்கொள்ளுங்கள். முதல் வெள்ளியில் இயேசு தீர்ப்பிடப்படுவதும் சிலுவையைச் சுமப்பதும். புனித வெள்ளியில் 13, 14: உடல் சிலுவையிலிருந்து இறக்கப்படுவதும் கல்லறையில் அடக்கமாவதும். கோயிலில் 14 நிலையையும் ஒரே மூச்சில் கடக்கிறோம். வீட்டில், இயேசுவின் முகம் துடைத்த வெரோணிக்காவோடு ஒரு வாரம் தங்கலாம்.

ஞாயிறுகள்

பெயருக்குப் பதில் அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரு பொருள். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும்; 2026 போன்ற முதல் ஆண்டில்: கல் (பாலைநிலச் சோதனை), மலை (உருமாற்றம்), குடம் (சமாரியப் பெண்), கண் (பார்வையற்றவர்), கட்டுத்துணி (இலாசர்), குருத்தோலை. பின்னணிக்கு ஊதா; நான்காம் ஞாயிறுக்கு ரோஸ், குருத்து ஞாயிறுக்குச் சிவப்பு.

மிஞ்சும் மூன்று கட்டம்

முதல் வரிசையில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் காலியாக இருக்கும். தவக்காலம் முழுக்கத் திருப்பலியில் அல்லேலூயா பாடுவதில்லை அல்லவா? ஒரு துண்டுத் தாளில் அந்தச் சொல்லைப் பிள்ளைகளே அழகாக எழுதட்டும். மடித்து அந்த இடத்தில் ஒட்டிவிடுங்கள். புனித சனி இரவுத் திருப்பலியான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து வந்து பிரிக்கலாம். பசை தடவினால் பிரிக்கும்போது கிழியும், ஓரத்தில் மட்டும் சின்ன டேப் போடுங்கள்.