நெயில் கன் ஆணி உடலில் பாய்ந்தால்: முதலுதவியும் சிகிச்சையும்

காற்றழுத்தத்தாலோ பேட்டரியாலோ ஆணியை அடிக்கும் கருவியான நெயில் கன் ஏற்படுத்தும் காயத்தில் வெளியே தெரிவது ஒரு சிறு துளை மட்டுமே. ரத்தமும் பெரும்பாலும் அதிகம் வராது என்பதால், ஆணியைப் பிடுங்கிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று தோன்றும். அதைத்தான் செய்யக் கூடாது. கருவியில் வரிசையாகக் கோத்துப் போடும் ஆணிகளை இணைக்கும் கம்பியின் துண்டுகள் ஆணியோடு ஒட்டிக்கொண்டு, தூண்டில் முள்ளைப் போல எதிர்த்திசையில் மாட்டும். இழுத்தால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் நரம்பும் கிழியலாம்.

முதலில் கருவியின் காற்றுக் குழாயை, அல்லது பேட்டரியை, கழற்றிவிட வேண்டும். ஆணி அசையாதபடி இருபுறமும் துணிச்சுருள் வைத்துக் கட்டி, ரத்தம் வந்தால் ஆணியின் மேல் அல்லாமல் அதன் பக்கங்களில் அழுத்த வேண்டும். வீக்கம் தொடங்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. தலை, கழுத்து, மார்பு, வயிறு, கண் ஆகியவற்றில் பாய்ந்திருந்தால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கண்ணை எக்காரணம் கொண்டும் அழுத்தக் கூடாது. அதே வகை ஆணி ஒன்றை மருத்துவரிடம் கொண்டுசெல்வது மிகவும் பயன்படும், ஏனெனில் கோர்வையில் உள்ள பிளாஸ்டிக் துண்டு எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம்.

அதிகம் அடிபடுவது கையும் விரல்களும்தான். மரத்துப்போகும் ஊசி போடும் முன்பே, விரலின் இரு பக்கங்களிலும் தொடு உணர்வு உள்ளதா, ஒவ்வொரு மூட்டும் தனித்தனியே மடங்கி நிமிர்கிறதா, நுனியை அழுத்தி விட்டால் சுமார் 2 விநாடிகளுக்குள் நிறம் திரும்புகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். விரல் அசைகிறது என்பதாலேயே தசைநாண் முழுதாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. பாதி அறுந்த தசைநாணும் விரலை அசைக்கும். இரு கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே, எலும்பு முறிவையும் ஆணி மூட்டுக்குள் நுழைந்திருக்கிறதா என்பதையும் காட்ட உதவும்.

முள்போல் மாட்டும் கம்பித் துண்டு இல்லாத ஆணியை மருத்துவர் வந்த வழியே எடுக்கலாம். முள் இருந்தால், ஆணியின் தலையை வெட்டிவிட்டு முன்னோக்கி வெளியே எடுப்பதும் உண்டு. மூட்டுக்குள் புகுந்திருந்தால் அறுவை அரங்கில் கழுவ வேண்டியிருக்கும். துளையைப் பொதுவாகத் தையலிட்டு மூடுவதில்லை. கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட வேண்டும்.

அடுத்த சில நாட்களில் விரல் முழுதும் வீங்கி, பாதி மடங்கிய நிலையில் நின்று, பிறர் நிமிர்த்தும்போது கடுமையாக வலித்தால், தசைநாண் உறையில் சீழ் பிடித்திருக்கலாம். மறுநாள் வரை காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.