பவர் விண்டோ இறங்கவில்லையா? மோட்டார் வாங்கும் முன் சுவிட்சைப் பாருங்கள்

டோலில் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டைத் தட்டும் ஆட்களைக் கோலாலம்பூரில் பார்த்திருப்பீர்கள். பழைய புரோட்டான் வீரா, இஸ்வாரா கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். பட்டறையில் கேட்டால் உடனே "மோட்டார் போச்சு" என்பார்கள். சரி, இருக்கலாம், ஆனால் சுவிட்சைச் சோதிக்காமல் காசை எடுக்காதீர்கள்.

இருட்டிய பிறகு சாவியை ஆன் செய்து, உள்விளக்கை எரியவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். விளக்கு லேசாக மங்கினால் கரண்ட் மோட்டார் வரை போகிறது, கோளாறு பெரும்பாலும் மோட்டாரிலோ கண்ணாடி ஓடும் தடத்திலோதான். மங்கவே இல்லையென்றால் ஃபியூஸ், டிரைவர் பக்கத்து விண்டோ லாக் பட்டன், அப்புறம் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள்.

சுவிட்சை நெம்பி எடுங்கள், ஆனால் பிளக்கைக் கழற்றாதீர்கள். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் பட்டென்று உடையும், அவசரம் வேண்டாம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கருப்பு முனையைப் பாடி போல்ட்டில் பிடித்து, சிவப்பு முனையால் பிளக்கின் பின்பக்கமாக ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பாருங்கள். சப்ளை வயரில் சுமார் 12 வோல்ட் இருக்க வேண்டும். மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரிலும், பெரும்பாலான பழைய கார்களில், அழுத்தாதபோது பூஜ்யம். ஏற்ற அழுத்தினால் ஒன்றில் மட்டும் 12, இறக்க அழுத்தினால் மற்றதில்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: அழுத்தும்போது இரண்டு வயரிலுமே 12 காட்டினால் மோட்டாருக்கு எர்த் கிடைக்கவில்லை என்று அர்த்தம். பக்கத்து சீட் கதவுக்கு எர்த் பல கார்களில் டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது, அதனால் அந்தக் கதவின் சுவிட்சை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது.

பிளக்கைக் கழற்றிச் சோதித்தால் கரி பிடித்த காண்டாக்ட்கூட 12 காட்டிவிடும். பிளக் மாட்டியபடியே, அழுத்திக்கொண்டு, சப்ளை பின்னுக்கும் மோட்டார் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. சுவிட்ச் நன்றாக இருந்தும் கண்ணாடி அசையவில்லையென்றால், கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாயைப் பிரித்து வயரை இழுத்துப் பாருங்கள். உறை நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

சுவிட்சைப் பிரிப்பதானால் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துப் பிரியுங்கள், குட்டி ஸ்பிரிங் பறந்தால் கிடைக்காது. கரியை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பல சுவிட்சுகள் உயிர் பெறும். குழி விழுந்திருந்தால் பொட்டோங் கடைக்கு (பழைய காரைப் பிரித்துப் பாகம் விற்கும் கடை) மீட்டரோடு போங்கள்: மாஸ்டர் சுவிட்சானால், மீட்டரை பீப் மோடில் வைத்துத் தொட்டால், அழுத்தாதபோது மோட்டார் பின் இரண்டும் எர்த் பின்னோடு பீப் அடிக்க வேண்டும், அடித்தால் மட்டும் காசு கொடுங்கள்.