பந்தைக் கொடுக்குமுன் எறிபவருக்குப் பின்னாலுள்ள இடத்தைப் பாருங்கள்

மலையகத்தில் பல பாடசாலைக் கூடைப்பந்தாட்டத் திடல்கள் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் அமைந்தவை. ஒரு பக்கம் கல்மதில், மறுபக்கம் வடிகான். எல்லைக் கோட்டுக்கு வெளியே ஓர் ஆள் நிற்கத்தான் இடமிருக்கும். பந்து வெளியே போனதும் இங்கே நடக்கும் தவறுகளில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடநெருக்கடியை நடுவர் கவனியாமல் விடுவதே.

கோட்டுக்கு வெளியே தடையற்ற இடம் 2 மீற்றருக்குக் குறைவாக இருந்தால், பந்தை உள்ளே எறிபவரிடமிருந்து 1 மீற்றருக்குள் வேறு எந்த வீரரும் நிற்கக்கூடாது என்கிறது சர்வதேச விதி. சொந்த அணியினருக்கும் இது பொருந்தும். நடுவரோ அவசரமாகப் பந்தைக் கொடுத்துவிடுகிறார். மாணவனின் முதுகு மதிலில் உரசுகிறது. எதிரணி வீரர் முகத்துக்கு நேரே கைகளை விரித்து நிற்கிறார். எறிவதற்குரிய 5 செக்கன் கடந்ததும் விசில், பந்து எதிரணிக்கு. அந்த மாணவன் என்ன பிழை செய்தான்? நடுவர்களே, முதலில் தடுப்பவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், பிறகு பந்தைக் கொடுங்கள். பந்து எறிபவர் வசம் வந்த பின்னரே 5 செக்கன் தொடங்குகிறது. ஆகவே அவசரப்படக் காரணமே இல்லை.

எறிபவர் கோட்டை மிதித்தாலே விசில் ஊதுபவர்களும் உண்டு. எல்லைக் கோடு ஆடுகளத்தைச் சேர்ந்ததல்ல. கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தால்தான் குற்றம். பக்கவாட்டில் மொத்தம் 1 மீற்றருக்கு மேல் நகரக்கூடாது, பின்னோக்கி இடம் உள்ளவரை போகலாம்.

பந்தை எறிந்தோ தரையில் தட்டியோ கொடுப்பதானால் நடுவர் எறிபவரிடமிருந்து 4 மீற்றருக்குள் இருக்க வேண்டும். எறிபவரும் காட்டிய இடத்தில் நிற்க வேண்டும். வளையம் பொருத்திய பின்பலகைக்கு நேர் பின்னாலிருந்து எறிய விடாதீர்கள்.

இரு நடுவர்களும் வெவ்வேறு திசையைக் காட்டினால் குரல் உயர்ந்தவரின் முடிவு நிற்பது சரியல்ல. கூடிப் பேசுங்கள், அப்போதும் உடன்பாடு இல்லையென்றால் அது துள்ளல் பந்து நிலை (பந்து எந்த அணிக்கென்று தீர்மானிக்க முடியாத நிலை), பந்து யாருக்கென்பதை, அடுத்த முறை எந்த அணியுடையது எனக் காட்டும் மேசையிலுள்ள அம்புக்குறி சொல்லும்.

கடிகாரம் ஓடத் தொடங்குவது பந்து கையை விட்டுப் போகும்போது அல்ல, களத்துக்குள் ஒரு வீரரைத் தொடும்போது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பின்னேரம் மூடுபனி இறங்கினால் நேரம் பார்ப்பவருக்கு எதிர்க்கோடு மங்கலாகவே தெரியும். கடிகாரத்தை ஓடவிடும் சைகையாக, உயர்த்திய கையை அவர் காணும்படி வீசி இறக்குங்கள். இடுப்பருகே அசைத்தால் அவருக்கு எதுவும் புரியாது.