மாட்டுத்தரைக்கு யூரியா வாங்குறதுக்கு முன்னால செய்யவேண்டிய வேலை

இலங்கை மலைநாட்டுல மாடு வச்சிருக்கிற யார்கிட்ட கேட்டாலும் சொல்றது ஒண்ணுதான், முன்ன மாதிரி புல்லு வரல, உரம் போட்டாத்தான் தலை தூக்குது. 2021ல ரசாயன உர இறக்குமதிய நிறுத்தினப்போ அந்த யூரியாவும் கிடைக்காம எத்தனை வீட்டுல கஷ்டப்பட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வர்றது என்னன்னா, யூரியாவுல இருக்கிற சத்து நைதரசன், அது நம்ம தரையில இல்லாம இல்ல. அது இருக்கவேண்டிய இடத்துல இல்ல, அவ்வளவுதான். கொட்டிலுக்குப் பின்னால, மாடு படுக்கிற சமதரையில, தண்ணி எடுக்கிற பீலிக்குப் போற வழியிலன்னு ஒரே இடத்துல குவிஞ்சு கிடக்கு, சரிவுல புல்லு பட்டினி கிடக்கு.

மொதல்ல இத நீங்களே கண்ணால பாருங்க. நல்ல மழை பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு தரைய மேலேருந்து பாருங்க, அங்கங்க வட்டம் வட்டமா கரும்பச்சையா புல்லு உசந்து நிக்கும், மத்த இடம் வெளிறிப் போயிருக்கும். அந்த வட்டமெல்லாம் மாடு மூத்திரம் பேஞ்ச இடம். அது பளிச்சுன்னு தனியா தெரியுதுன்னா மிச்ச இடம் நைதரசனுக்கு ஏங்குதுன்னு அர்த்தம்.

இப்ப ஒரு கணக்கு. ஒரு லீட்டர் பால்ல இருக்கிற நைதரசன் கிட்டத்தட்ட 5 கிராம். அப்ப 10 லீட்டர் பால் வித்தா 50 கிராம் வெளிய போகுது, யூரியாவுல சொன்னா 110 கிராம் அளவு. மாடு தின்ன புல்லுல இருந்த நைதரசன்ல முக்கால்வாசிக்கும் மேல சாணியும் மூத்திரமுமா நமக்கே திரும்பி வருது. அதுலயும் மூத்திரம்தான் முக்கியம், ஏன்னா அதுல இருக்கிறது பெரும்பாலும் யூரியாவேதான். அது மண்ணுல விழுந்து ஒண்ணு ரெண்டு நாள்ல அமோனியாவா மாறுது, கொஞ்சம் காத்துல போயிடும் (கொட்டில்ல மூக்க எரிக்கிற அந்த வாடை அதுதான்), மிச்சத்த நுண்ணுயிர் நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் மண்ணோட ஒட்டாது, தண்ணியோட கீழ இறங்கிடும். ஈரம் ஊறி காத்து நுழையாத மண்ணா இருந்தா அதுல ஒரு பங்கு நைட்ரஸ் ஒக்சைட் வாயுவா போகும், பூமிய சூடாக்குறதுல அது காபனீரொக்சைட்ட விட 270 மடங்குக்கு மேல. ஒரு மூத்திர வட்டத்துல விழுற நைதரசன ஏக்கர் கணக்குக்கு மாத்தினா 200 கிலோவுக்கு மேல வரும், எந்தப் புல்லாலயும் அத ஒரே தடவையில குடிக்க முடியாது.

சரி, இத ஓடவிடாம எது பிடிச்சு வைக்கும்? காபன். மண்ணுல மக்கிப்போன இலை, வேர், சாணி இதத்தான் மக்குன்னு சொல்றோம், அந்த மக்குல காபன் பத்துப் பன்னிரெண்டு பங்குக்கு நைதரசன் ஒரு பங்குன்னு சேர்ந்தேதான் இருக்கும், காபன் குறைஞ்சா நைதரசன் தங்க இடம் இல்ல. உதாரணத்துக்கு உங்க மண்ணுல காபன் 3 வீதம்னு வைங்க, மண்ணு ஒரு கன சென்ரிமீட்டர் ஒரு கிராம் எடைன்னா மேல் 15 சென்ரிமீட்டர்ல ஏக்கருக்கு 18 தொன் காபன், அதோட ஒன்றரை தொன் நைதரசன். அதுல வருசத்துக்கு 2 வீதம் மக்கி வெளிய வந்தாலே 30 கிலோ, 65 கிலோ யூரியாவுக்குச் சமம், கடைக்குப் போகாமலே. நுவரெலியா, அக்கரபத்தனை பக்கம் குளிருக்கு மக்குறது மெதுவா நடக்கும், அதனாலதான் அங்க மேல்மண்ணு கறுப்பா இருக்கு. அந்தக் கறுப்பு மண்ண கொத்தி மரக்கறி போட ஆரம்பிச்சா சேர்ந்தத விட வேகமா கரையும், இத நினைச்சா எனக்கு மனசு வலிக்குது.

புல்லு மண்ண வளர்க்கும்ங்கிறது தோட்டத்து ஆட்களுக்குப் புதுசு இல்ல. பழைய தேயிலையப் புடுங்கி புதுசா நடுறதுக்கு முன்னால மானாப்புல்லும் கோத்தமாலாப் புல்லும் ஒன்றரை ரெண்டு வருசம் போட்டு மண்ணத் தேத்துறாங்களே, அதே வேலைதான். வேர்தான் காபன உள்ள கொண்டு போகுது. இலைய ஒட்ட மேஞ்சா வேரும் சுருங்கும்.

அதனால மேய்ச்சல இப்படி வைங்க. கிக்குயு புல்லுன்னா ஒவ்வொரு தண்டுலயும் புதுசா நாலு, நாலரை இலை வந்த பிறகு மாட்ட விடுங்க, 5 சென்ரிமீட்டர் புல்லு மிச்சம் இருக்கும்போதே எடுத்துடுங்க. வேலி போட வசதி இல்லாதவங்க மொளைக்குச்சி அடிச்சுக் கட்டுறது போதும், ஆனா குச்சிய தினம் மாத்தணும், மேஞ்ச இடத்துக்கு திரும்பி வர குறைஞ்சது நாலு வாரம், தை மாசிப் பனியில இன்னும் அதிகம் ஆகும். தினம் மாத்தினா சாணியும் மூத்திரமும் தன்னால தரை முழுக்கப் பரவும், இதுக்கு செலவே இல்ல. தண்ணித் தொட்டியும் உப்புக் கட்டியும் ஒரே இடத்துல வைக்காதீங்க, மாடு அங்கதான் நிக்கும், அங்கதான் பேயும், முடிஞ்சா அத மேட்டுப்பக்கம் புல்லு மெலிஞ்ச இடத்துக்கு நகர்த்துங்க. வைகாசியில இருந்து அட்டன், பொகவந்தலாவை பக்கம் விடாம மழை, அப்ப சதசதன்னு இருக்கிற தரையில மாட்ட விட்டா குளம்பு மண்ண அமுக்கி காத்துப் போற வழிய அடைச்சிடும், அந்த நாள்கள்ல அறுத்துக் கொண்டாந்து கொட்டில்ல போடுங்க.

அறுத்துப் போடுறவங்க ஒண்ணு கவனிக்கணும், புல்லு வந்த இடத்துக்கே உரம் திரும்பப் போகணும், இல்லன்னா வருசா வருசம் அந்தத் தரையச் சுரண்டிக்கிட்டே இருக்கோம்.

கொட்டில்ல மாடு மிச்சம் வச்ச காஞ்ச தண்ட வெளிய வீசாம காலடியில பரப்புங்க, மூத்திரத்த அது உறிஞ்சிக்கும். காஞ்ச மானாப்புல்லுல காபன் ரொம்ப அதிகம், தனியா மண்ணுல புதைச்சா நுண்ணுயிர் அத மக்க வைக்க மண்ணுல இருக்கிற நைதரசன இழுத்துக்கும், புல்லு மஞ்சளா போகும். மூத்திரம் ஊறினா அந்தக் குறை தீருது. சாணியையும் இதையும் அடுக்கடுக்கா போட்டு மேல தகரமோ பொலித்தீனோ மூடி வைங்க, மழையில நனையவிட்டா கறுப்புத் தண்ணியா ஓடுறது உங்க யூரியாதான். குவியலைப் பீலிக்கு மேல்பக்கம் வைக்கவே வைக்காதீங்க, அந்தத் தண்ணியத்தான் லயத்துல எல்லாரும் குடிக்கிறோம், பால்மாவும் அதுலதான் கரைக்கிறோம், தண்ணியில நைட்ரேட் கூடினா கைக்குழந்தைக்கு ஆபத்து.

ஊவா பக்கம், வெலிமடை, பண்டாரவளைன்னு ஆடி ஆவணிக் காத்துல பத்தனைப் புல்வெளிக்கு நெருப்பு வைக்கிற பழக்கம் இருக்கு, தளிர் வருமேன்னு. தளிர் வரும், உண்மை. ஆனா எரிஞ்ச புல்லுல இருந்த நைதரசன்ல பெரும்பங்கும் காபனும் புகையா போயிடுது, சாம்பல்ல தங்குறது பொட்டாசியம், பொஸ்பரஸ் மாதிரி சிலதுதான், அதையும் ஐப்பசி மழை சரிவுல கழுவிட்டுப் போயிடும். தயவு செஞ்சு எரிக்காதீங்க, அறுத்து கொட்டில்ல விரிங்க.

காத்துல இருக்கிற நைதரசன இழுத்துத் தர வெள்ளைக் குளோவர்னு ஒரு தீவனச் செடி இருக்கு, குளிர்ப் பக்கம் கிக்குயுவோட நல்லா சேரும். ஆனா புளிச்ச மண்ணுல அது வேலை செய்யாது, மண்ணோட புளிப்பக் காட்டுற பிஎச் அளவு 5.5க்கு மேல வரணும் (அளவு குறைய குறைய புளிப்பு கூட), அதுக்கு டொலமைட்ங்கிற சுண்ணாம்புக் கல்லுத் தூள் போடுங்க. குளோவர் ரொம்ப அடர்ந்துட்டா பசியோட இருக்கிற மாட்ட அதுல விடாதீங்க, வயிறு உப்பிடும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒண்ணா போடக்கூடாது, அமோனியா பறந்துடும், சில வாரம் இடைவெளி விடுங்க. இத்தனைக்கும் பிறகு யூரியா தேவைப்பட்டா மேஞ்சு சில நாள் கழிச்சு, தூறல் இருக்கிற நாளாப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சுப் போடுங்க, கரும்பச்சை வட்டத்த விட்டுட்டு.

மண்ணு எப்படி மாறுதுன்னு தெரிஞ்சுக்க, வருசத்துல ஒரே மாசத்துல, வளைஞ்சு வளைஞ்சு நடந்து 15, 20 இடத்துல 15 சென்ரிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுங்க, சாணி கிடக்கிற இடமும் மூத்திர வட்டமும் வேணாம். நல்லாக் கலந்து நிழல்ல உலர்த்தி அரைக் கிலோ மட்டும் விவசாயத் திணைக்களத்து மண் பரிசோதனைக்குக் குடுங்க, பிஎச்சோட சேதனக் காபனும் (மக்குல இருக்கிற காபன்) மொத்த நைதரசனும் கேளுங்க. அறிக்கையில சேதனப் பொருள்னு போட்டிருந்தா 0.58ஆல பெருக்கினா காபன் வரும். காபன் ஒரு வருசத்துல பெருசா அசையாது, நாலஞ்சு வருசத்து அறிக்கைய அடுத்தடுத்து வச்சுப் பார்த்தாத்தான் கூடுதா குறையுதான்னு சொல்ல முடியும், அதனால காகிதத்த பத்திரமா வைங்க, மண் எடுத்த இடத்தையும் அதுலயே எழுதிடுங்க.