டிஸ்கஸ் பக்கத்தில் அபௌட் எதற்கு? ஆங்கில வினைச்சொல்லுக்குச் சரியான ப்ரிபோசிஷன் போடும் வழி

முதலில் இந்தக் குட்டி மெயிலைப் படியுங்கள்.

"ஐ லிசன்ட் யுவர் வாய்ஸ் மெசேஜ். வி டிஸ்கஸ்ட் அபௌட் தி டிலே. ஷி எக்ஸ்ப்ளைன்ட் மீ தி ரீசன். ஐ ரிக்வெஸ்டட் ஃபார் எ நியூ டேட்."

நாலு வாக்கியம், நாலிலும் பிழை. காலம் சரி, எழுத்துக்கூட்டலும் சரி. வினைச்சொல்லும் அதற்கு அடுத்த சொல்லும் சேரும் இடத்தில்தான் எல்லாப் பிழையும் இருக்கிறது. ஒன்றில் ப்ரிபோசிஷன் (டு, ஃபார், ஆன், அபௌட் போன்ற சொல்) விட்டுப்போயிருக்கிறது, இரண்டில் வேண்டாத இடத்தில் முளைத்திருக்கிறது, இன்னொன்றில் சொல் வரிசையே மாற வேண்டும். ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம்.

படி 1: வேற்றுமை உருபை மொழிபெயர்க்காதீர்கள்

'இடம்' என்ற ஒரே உருபை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் சொன்னேன், அவரிடம் கேட்டேன், அவரிடம் பேசினேன், அவரிடம் கடன் வாங்கினேன். தமிழில் நாலுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் பாருங்கள்:

ஐ டோல்ட் ஹிம். (எதுவும் வராது)
ஐ ஆஸ்க்ட் ஹிம். (இங்கும் வராது)
ஐ ஸ்போக் டு ஹிம்.
ஐ பாரோட் மணி ஃப்ரம் ஹிம்.

'சொன்னேன்' என்பதற்கு டோல்ட் போடாமல் செட் போட்டால், "ஐ செட் இட் டு ஹிம்" என்று டு வந்துவிடும். ஆக, எது வரும் என்பதை முடிவு செய்வது பொருள் அல்ல, அந்த வினைச்சொல். தமிழிலும் இதே கதைதான். 'அவனைப் பிடித்தேன்' என்கிறோம், 'அவனுக்குப் பிடிக்கும்' என்கிறோம். ஏன் ஒன்றுக்கு ஐ, இன்னொன்றுக்கு கு என்று யோசித்தா பேசுகிறோம்? வினையும் உருபும் சேர்ந்தே நம் வாயில் வருகின்றன. ஆங்கில வினையையும் அப்படித்தான் பழக வேண்டும்: 'டிபெண்ட்' என்று தனியாக மனப்பாடம் செய்யாமல் 'டிபெண்ட் ஆன்' என்று ஒரே சொல்லைப் போல.

படி 2: வினைச்சொல் எந்தக் கூட்டம் என்று பாருங்கள்

முதல் கூட்டத்துக்குப் ப்ரிபோசிஷனே வேண்டாம். டிஸ்கஸ், மென்ஷன், டிஸ்கிரைப், ரீச், என்டர், கான்டாக்ட், ரிசெம்பிள், எம்ஃபசைஸ், கம்ப்ரைஸ் எல்லாம் இதில் அடக்கம். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். 'பற்றி' என்று மனசுக்குள் ஓடியதும் கை தானாக அபௌட் எழுதிவிடும். மெயிலின் இரண்டாம் வாக்கியம் "வி டிஸ்கஸ்ட் தி டிலே" என்று இருந்தால் போதும். 'பற்றி' அந்த டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது.

மேரி (கல்யாணம் செய்துகொள்) என்ற வினையும் இதே கூட்டம். 'அவரோடு கல்யாணம்' என்று நினைத்து வித் போடுவார்கள். "ஷி மேரிட் ஹிம்" சரி, "ஷி இஸ் மேரிட் டு ஹிம்" சரி. இரண்டிலும் வித் வராது.

சில வினைகளில் ப்ரிபோசிஷன் சேர்ந்தால் பொருள் மாறும். "அட்டெண்ட் எ மீட்டிங்" என்றால் கூட்டத்தில் கலந்துகொள்வது. "அட்டெண்ட் டு எ பேஷன்ட்" என்றால் நோயாளியைக் கவனிப்பது. அறைக்குள் நுழைய என்டர் மட்டும் போதும், ஒப்பந்தம் செய்துகொள்ள என்டர் இன்டு.

இரண்டாம் கூட்டம், கட்டாயம் கேட்பவை: லிசன் டு, வெயிட் ஃபார், டிபெண்ட் ஆன், கன்சிஸ்ட் ஆஃப், இன்சிஸ்ட் ஆன், பிலாங் டு. தமிழில் 'பாட்டைக் கேட்டேன்' என்பதில் ஐ உருபு மட்டும் இருப்பதால் லிசனுக்கு டு விட்டுப்போகிறது. மெயிலின் முதல் வாக்கியம்: "ஐ லிசன்ட் டு யுவர் வாய்ஸ் மெசேஜ்."

மூன்றாம் கூட்டம், ஆளையும் பொருளையும் பார்த்து மாறுபவை. ஒருவருடைய கருத்தோடு ஒத்துப்போனால் அக்ரீ வித், முன்வைத்த திட்டத்துக்குச் சம்மதித்தால் அக்ரீ டு, இரு தரப்பும் ஒரு தேதியை முடிவு செய்தால் அக்ரீ ஆன். வேலைக்கு விண்ணப்பித்தால் அப்ளை ஃபார், விண்ணப்பம் போகும் நிறுவனத்துக்கு அப்ளை டு.

படி 3: ஆளா பொருளா, எது முன்னால்?

கிவ், செண்ட், ஷோ, டெல் ஆகியவற்றுக்குப் பின்னால் ஆளை நேராக வைக்கலாம்: "ஷி ஷோட் மீ தி லெட்டர்." எக்ஸ்ப்ளைன், சஜெஸ்ட், டிஸ்கிரைப், மென்ஷன் இதற்கு ஒத்துவராது. பொருள் முதலில், பிறகு டு, அதற்குப் பிறகுதான் ஆள்: "ஷி எக்ஸ்ப்ளைன்ட் தி ரீசன் டு மீ." பொருள் நீளமாக இருந்தால் ஆளை முன்னால் கொண்டுவரலாம், ஆனால் டு கூடவே வர வேண்டும்: "ஷி எக்ஸ்ப்ளைன்ட் டு மீ வை தி வொர்க் ஸ்டாப்ட்."

"சஜெஸ்ட் மீ எ குட் புக்" என்று எங்கும் கண்ணில் படுகிறது. "சஜெஸ்ட் எ குட் புக் டு மீ" என்று எழுதுங்கள்.

படி 4: அது வினையா, பெயரா?

ரிக்வெஸ்ட், ஆன்சர், டிமாண்ட், லேக் (இல்லாமை), விசிட் ஆகியவை வினையாகவும் வரும், பெயராகவும் வரும். பெயராக இருந்தால் ப்ரிபோசிஷன் கேட்கும், வினையாக இருந்தால் கேட்காது. "எ ரிக்வெஸ்ட் ஃபார் எ நியூ டேட்" சரி. அதைப் பார்த்துப் பழகிய கைதான் "ரிக்வெஸ்டட் ஃபார்" என்று எழுதிவிடுகிறது. மெயிலின் கடைசி வாக்கியத்துக்கு "ஐ ரிக்வெஸ்டட் எ நியூ டேட்" போதும். டிஸ்கஸுக்கு அபௌட் கிடையாது, டிஸ்கஷனுக்கு உண்டு. எம்ஃபசைஸுக்கு ஆன் கிடையாது, எம்ஃபசிஸுக்கு உண்டு.

சோதனை சுலபம். சொல்லுக்கு முன்னால் எ, தி, மை போன்றவை ஒட்டியிருந்தால் அது பெயர்.

படி 5: ப்ரிபோசிஷனுக்குப் பின் வினை வந்தால் 'இங்' வடிவம்

"ஷி இன்சிஸ்டட் ஆன் பேயிங்" என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. டு வந்தால்தான் சிக்கல், ஏனென்றால் அது இரண்டு வேலை செய்கிறது. டுவுக்குப் பின்னால் இட் போட்டுப் பாருங்கள். "ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்" நிற்கிறது, ஆகவே அது ப்ரிபோசிஷன்: "லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ." "ஐ வான்ட் டு இட்" நிற்கவில்லை, ஆகவே வினையின் மூல வடிவம்: "ஐ வான்ட் டு ஹியர் ஃப்ரம் யூ." அப்ஜெக்ட் டு, அட்மிட் டு எல்லாவற்றையும் இப்படியே சோதிக்கலாம்.

படி 6: பொருள் முன்னால் போனாலும் ப்ரிபோசிஷனை விடாதீர்கள்

'நான் விண்ணப்பித்த வேலை' என்று சொல்லும்போது தமிழில் 'வேலைக்கு' என்ற கு காணாமல் போகிறது. பெயரெச்சத்தின் வழக்கம் அது. ஆங்கிலத்தில் காணாமல் போகாது: "தி ஜாப் ஐ அப்ளைட் ஃபார்." வாக்கியத்தை நேராக்கிப் பார்த்தால் தெரியும்: "ஐ அப்ளைட் ஃபார் தி ஜாப்." வாக்கியக் கடைசியில் ப்ரிபோசிஷன் வரக்கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். தாராளமாக வரலாம்.

படி 7: அகராதியும் நோட்டும்

சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைத் திறங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைப் படித்ததும் மூடிவிடாதீர்கள், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் வினைக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். கூகுளில் தேடி எத்தனை பக்கம் வருகிறது என்று எண்ணுவது உதவாது. அதே தப்பைச் செய்பவர்கள் நிறைய.

நோட்டில் வினையைத் தனியாக எழுதாமல் வாக்கியமாக, ப்ரிபோசிஷனை அடிக்கோடிட்டு எழுதுங்கள். தமிழ்ப் பொருளையும் உருபோடு எழுதினால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று கண்ணுக்குத் தெரியும்.

எழுதி முடித்த பிறகு வினைச்சொற்களை மட்டும் தேடி ஒருமுறை படியுங்கள். எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளை நம்பி இதைத் தள்ளிப்போட வேண்டாம். டிஸ்கஸ்ட், அபௌட் இரண்டும் தனித்தனியே சரியான சொற்கள், அது கோடு போடாமலே கடந்துவிடக்கூடும்.