மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன்: ஜிபிஏ, கல்லூரிப் பெயர் குறித்துத் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் ஒவ்வொரு ஆண்டும் மே மாதத் தொடக்கத்தில் திறக்கிறது. சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறவன் என்பது தெரிந்திருப்பதால், அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே தமிழ்க் குடும்பங்கள் என்னை அழைக்கத் தொடங்கிவிடுகின்றன. அண்ணன் செய்த தவறைத் தம்பியும், அவர்களைப் பார்த்து வளர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மாற்றமில்லாமல் திரும்பச் செய்கிறார்கள். எங்கள் தலைமுறையில் நடந்தவையும் ஏறக்குறைய இவைதாம். வகுப்புக்கு ஒழுங்காகப் போக வேண்டும், தேர்வுக்கு முந்தைய இரவில் புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பனவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை அறியாதவர் எவருமில்லை.

அளவு தெரிவதற்காகச் சில எண்கள். இங்கே அடிப்படை மருத்துவப் பட்டமான எம்.டி. படிப்பில் சேர்வதற்கு முன் பெரும்பாலும் நான்காண்டு இளங்கலைப் பட்டம் முடித்திருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் சுமார் 52,000 பேர் விண்ணப்பித்து, சுமார் 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்கிறவர்களின் சராசரி ஜிபிஏ, அதாவது 4.0 அளவுகோலில் பாடத் தரங்களின் சராசரி, 3.8ஐ ஒட்டி இருக்கிறது. 472 முதல் 528 வரை மதிப்பெண் வழங்கும் எம்கேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வில் அவர்களின் சராசரி 512ஐ ஒட்டி இருக்கிறது.

கல்லூரியின் பெயர் ஜிபிஏவை ஈடுகட்டும் என்று நம்புவது

இந்த ஒரு தவறு எனக்கு இன்னமும் எரிச்சலூட்டுகிறது. இதைச் செய்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டே செய்கிறார்கள்.

நியூ ஜெர்சியில் ஒரு வீட்டு நவராத்திரி கொலுவுக்குப் போயிருந்தபோது, ஒரு தந்தை சுண்டல் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து ஓர் எக்செல் அட்டவணையைக் காட்டினார். முதல் பத்தியில் மகள் படித்துக்கொண்டிருந்த, பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம். இரண்டாவது பத்தியில் அவளுடைய ஜிபிஏ, 3.41. மூன்றாவது பத்திக்குச் ‘சரிசெய்த ஜிபிஏ’ என்று தலைப்பிட்டிருந்தார், அதில் 3.81 என்று இருந்தது. “டாக்டர், அங்க 3.4 வாங்குறது மத்த எடத்துல 3.8 வாங்குறதுக்குச் சமம்” என்றார். அந்த 0.4 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை வைத்துத் தாமே கணக்கிட்டதாகச் சொன்னார்.

ஆம்காஸ் விண்ணப்பத்தில் அந்த மூன்றாவது பத்திக்கு இடமே இல்லை. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு முன்னால் வருவது ஒரு கட்டம். அதன் வரிசைகளில் பள்ளிக்காலம், முதலாண்டு, இரண்டாமாண்டு என்று தொடங்கிப் பட்டத்துக்குப் பிந்தைய பாடங்கள் வரை ஒவ்வொரு காலத்துக்குமான ஜிபிஏ தனித்தனியே இருக்கும். நெடுவரிசைகள் மூன்று: பிசிபிஎம் எனப்படும் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்களின் ஜிபிஏ, பிற பாடங்களின் ஜிபிஏ, மொத்த ஜிபிஏ. பல மருத்துவக் கல்லூரிகளில் ஒரு மனிதர் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இந்த எண்களையும் எம்கேட்டையும் வைத்து முதல் வடிகட்டல் முடிந்துவிடுகிறது. அதில் நின்றுபோன விண்ணப்பத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தாலும் அதைப் படிப்பதற்கு ஆளில்லை.

இதற்குக் கல்லூரிகளின் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. தாங்கள் சேர்த்துக்கொண்ட மாணவர்களின் ஜிபிஏவும் எம்கேட்டும் எந்த அளவில் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் வெளியிடுகிறது. அடுத்த ஆண்டின் விண்ணப்பதாரர்கள் அதைப் பார்த்தே அந்தக் கல்லூரியை எடைபோடுகிறார்கள். 3.4 பெற்ற மாணவி எங்கே படித்திருந்தாலும் அந்தப் பட்டியலில் 3.4 ஆகவே இறங்குவாள். அவள் படித்த இடம் கடினமானது என்று அடிக்குறிப்புப் போட அங்கே வழியில்லை.

பெயர்பெற்ற இடம் என்றால் மதிப்பெண் கிடைப்பது கடினம் என்ற எண்ணமும் முழு உண்மையன்று. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டில், வழங்கப்படும் ஏ தரங்கள் 35 சதவீத அளவில் நிற்க வேண்டும் என்று கொள்கை வகுத்து, 2014ஆம் ஆண்டில் அதைக் கைவிட்டது. ஹார்வர்டிலோ இளங்கலையில் வழங்கப்படும் தரங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் ஏ என்று 2025ஆம் ஆண்டில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அறிக்கையே கூறியது. இரண்டும் ஒரே தட்டில் வைத்துப் பேசப்படும் கல்லூரிகள். இந்த நிலையில் பெயரை மட்டும் பார்த்து ஒரு பி பிளஸ்ஸுக்கு எவ்வளவு கூட்டுவது என்று எந்தக் குழுவும் எப்படி முடிவு செய்யும்?

பெற்றோரின் இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. கிண்டியிலோ ஐஐடியிலோ படித்து, அந்தப் பெயரைக் கொண்டே முதல் வேலையையும் அதன் வழியாக விசாவையும் பெற்றவர்கள் பலர். மென்பொருள் துறையில் அந்தப் பெயருக்கு வேலை உண்டு. மருத்துவச் சேர்க்கை அப்படி நடப்பதில்லை. மருத்துவக் கல்லூரிகளுக்கு மிக அதிகமான விண்ணப்பதாரர்களை அனுப்பும் கல்லூரிகளின் பட்டியலில் ஆண்டுதோறும் முன்னணியில் நிற்பது கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யுசிஎல்ஏ. அதைத் தொடர்ந்து வருபவற்றிலும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களே மிகுதி.

கல்லூரிப் பெயரால் பயனே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. மதிப்பெண்கள் ஏறக்குறைய சமமாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு அது சற்றுக் கைகொடுக்கும். ஆராய்ச்சிக்குப் பெயர்போன தனியார் மருத்துவக் கல்லூரிகளில் கூடுதலாகவே கைகொடுக்கும். வளாகத்துக்குள்ளேயே மருத்துவமனையும் ஆய்வகமும் இருப்பதும், நேரில் பழகிய ஆய்வாளர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவதும் உண்மையான நன்மைகள். ஆனால் இவை அனைத்தும் 3.8 வைத்திருப்பவருக்கு மேலும் சேரும் நன்மைகள், 3.4ஐத் தூக்கி நிறுத்துபவை அல்ல.

சிறிய, பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து 3.9 பெற்று வருகிறவரின் தரத்தில் குழுவுக்கு ஐயம் எழுந்தால், எம்கேட் மதிப்பெண் அதைத் தீர்த்துவிடும். 517 வாங்கியிருந்தால் கல்லூரியின் பெயரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 3.9க்குப் பக்கத்தில் 502 நின்றால் அந்த ஐயம் வலுக்கவே செய்யும்.

“எங்கள் ப்ரீ-மெட் (மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் இளங்கலை) மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது” என்று வளாகச் சுற்றுலாவில் சொல்வார்கள். அந்த விழுக்காடு யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது என்று அங்கேயே கேளுங்கள். முதலாண்டு வேதியியலிலும் இரண்டாமாண்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரியிலும் அடிவாங்கி ப்ரீ-மெட்டையே கைவிட்டவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். சில கல்லூரிகளில் ஜிபிஏ குறைந்தவர்களுக்கு அந்தக் கல்லூரியின் ப்ரீ-மெட் குழு எழுதித் தரும் பரிந்துரைக் கடிதமே கிடைக்காது. அவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். அந்த வகுப்பறையில் இருப்பவர்கள் அனைவரும் தத்தம் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவர்கள் என்பதையும், பேராசிரியர் அவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டே தரம் போடும்போது பாதிப் பேர் சராசரிக்குக் கீழே போயே தீர வேண்டும் என்பதையும் சுற்றுலாவில் சொல்லமாட்டார்கள்.

பணக் கணக்கு இன்னும் மோசம். பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் உதவித்தொகை இல்லாமல் படித்தால் இப்போது ஆண்டுக்கு 85,000 டாலரைத் தாண்டுகிறது. வீட்டுக் கடனை மறுநிதியாக்கம் செய்து அதைக் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அதன்பின் வரும் மருத்துவக் கல்லூரியின் நான்காண்டுச் செலவு தனியாரில் 3 லட்சம் டாலரை எளிதாகத் தாண்டும். இதுவரை கூட்டரசின் கிராட் பிளஸ் கடன் அந்த இடைவெளியை நிரப்பியது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அது கிடையாது; மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கான கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டப்பட்டுவிட்டது. இளங்கலையிலேயே சேமிப்பைத் தீர்த்துவிட்டால், மீதித் தொகைக்குத் தனியார் கடனைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

கொலுவில் அட்டவணை காட்டியவரின் மகளுக்கு முழுக் கல்விக்கட்டணத்தையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருந்தது. அதை மறுத்துவிட்டே அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். பட்டம் பெற்றபின், மறுத்த அதே பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி மேலும் இரண்டு ஆண்டுகள் அறிவியல் பாடங்கள் படித்து, இப்போது டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் தரும் கல்லூரி ஒன்றில் இருக்கிறாள். நன்றாகவே படிக்கிறாள். என் எரிச்சல் தேவையில்லாமல் போன அந்த இரண்டு ஆண்டுகளின் மீதும், அந்த மூன்றாவது பத்தியின் மீதும்தான்.

கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) இருக்கும் ஜிபிஏதான் ஜிபிஏ என்று எண்ணுவது

ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டு அதைத் திரும்பப் படித்து ஏ வாங்கினால், பல கல்லூரிகள் பழைய தரத்தை அழித்துவிட்டுப் புதிய தரத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆம்காஸ் அப்படிச் செய்வதில்லை. அது எல்லாப் பாடங்களையும் எடுத்துத் தானே ஜிபிஏவைக் கணக்கிடுகிறது. திரும்பப் படித்த பாடத்தின் இரண்டு முயற்சிகளும் சேரும். சிக்கு 2.0, ஏவுக்கு 4.0 என்று சராசரி 3.0 ஆகிவிடும். டி.ஓ. கல்லூரிகளுக்கான விண்ணப்பம் மட்டும் நெடுங்காலம் பழைய தரத்தை மாற்றிக்கொள்ள இடமளித்தது. 2017ஆம் ஆண்டில் அதுவும் நின்றுவிட்டது. அந்தப் பழைய அறிவுரையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் இருக்கிறார்கள்.

இன்னும் வலிக்கும் ஒன்று உண்டு. உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே, விண்ணப்பத்துக்கு அழகாக இருக்கும் என்று, அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் கால்குலஸும் வேதியியலும் எடுக்க வைக்கிறோம். கல்லூரி கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) கிடைக்கும் பாடம் என்றால், பதினாறு வயதில் வாங்கிய பி மைனஸும் ஆம்காஸ் கட்டத்தில் ‘பள்ளிக்காலம்’ என்ற வரிசையில் ஏறி, மொத்த ஜிபிஏவிலும் சேர்ந்துவிடும். பிள்ளைக்கு அந்த வயதில் உறுதியாக ஏ வாங்க முடியாது என்று தோன்றினால் அதில் சேர்க்காதீர்கள்.

கடினமான மேஜர் (முதன்மைப் பாடம்) என்றால் குழு இரங்கும் என்று எண்ணுவது

பயோமெடிக்கல் என்ஜினியரிங் நம்மவர்களுக்கு மிகப் பிடித்தமானது. மருத்துவம் கிடைக்காவிட்டால் வேலையாவது கிடைக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். அந்தத் துறையில் உண்மையான ஆர்வம் இருந்தால் எடுக்கலாம். இல்லாமல் எடுத்து 3.3 வாங்கியவருக்குக் குழு இரங்குவதில்லை. வரலாறும் தத்துவமும் படித்துவிட்டு, தேவையான அறிவியல் பாடங்களைத் தனியே முடித்து வருகிறவர்கள் மற்றவர்களுக்குக் குறையாத விகிதத்தில் சேர்க்கப்படுகிறார்கள்.

இரட்டை மேஜர்

யாரும் கேட்கவில்லை.

எம்கேட்டை ‘ஒருமுறை எழுதிப் பார்ப்பது’

கூடாது. முதல் மதிப்பெண்ணும் குழுவின் கண்ணில் படும்.

முதுகலை படித்தால் ஜிபிஏ ஏறிவிடும் என்று எண்ணுவது

முதுகலைப் பாடங்களின் ஜிபிஏ ஆம்காஸில் தனி வரிசையில் நிற்கும். இளங்கலை ஜிபிஏவை அது அசைக்காது. இளங்கலை அளவிலான பாடங்களைப் பட்டத்துக்குப் பின் படித்தால் மட்டுமே அந்த எண் நகரும், அதுவும் மிக மெதுவாக நகரும். 120 கிரெடிட்டுக்கு 3.2 வைத்திருப்பவர் 3.5ஐத் தொட வேண்டுமானால், ஒரு பாடத்திலும் தவறாமல் ஏ வாங்கிக்கொண்டு 72 கிரெடிட் படிக்க வேண்டும். முழுநேரமாகப் படித்தாலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இதைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே தாளில் எழுதிப் பார்ப்பவர்கள் மிகச் சிலர். அப்போது 60 கிரெடிட்தான் முடிந்திருக்கும். மீதி 60 கிரெடிட்டில் 3.8 வாங்கினாலே அதே 3.2 வைத்திருப்பவர் 3.5ஐத் தொட்டுவிடலாம்.

வசிக்கும் மாநிலத்தைக் கணக்கில் எடுக்காமல் பட்டியல் போடுவது

டெக்சஸின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தது 90 சதவீத இடங்கள் அந்த மாநிலத்தவருக்கே. வட கரோலினாவின் புரோடி மருத்துவக் கல்லூரி வெளிமாநிலத்தவரைச் சேர்ப்பதே இல்லை. நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு இத்தகைய கல்லூரிகளால் பட்டியலை நிரப்பிவிட்டு, பிறகு ஜிபிஏவைக் குறை சொல்வதில் பொருளில்லை.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் வளர்ந்த பிள்ளைகளின் நிலை தனி. பல மாநில மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தை ஏற்பதில்லை. ஏற்கும் தனியார் கல்லூரிகளில் சில, நான்காண்டுக் கட்டணத்துக்கான பணம் இருப்பதை முன்கூட்டியே காட்டச் சொல்கின்றன. கூட்டரசுக் கடனும் அவர்களுக்குக் கிடையாது. 3.95 ஜிபிஏவும் 520 எம்கேட்டும் வைத்திருந்தாலும் இந்த விதிகள் மாறப்போவதில்லை என்பதால், ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கை விதியையும் படித்து, பொருந்தாதவற்றை அடித்துவிட்டே விண்ணப்பக் கட்டணம் கட்ட உட்கார வேண்டும்.