ருமேனியாவுக்கு எந்த வழியாக வருவது?

வேலை விசா கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி "டிக்கெட் எவ்வளவு?" என்பதுதான். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வேலை எந்த ஊரில்? ஏஜென்ட் தலைநகர் "புக்கரெஸ்ட்" பெயரைப் பொதுவாகச் சொல்லியிருப்பார். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் தூரத்து ஊர்களான க்ளூஜ் என்றோ திமிஷோவாரா என்றோ இருந்தால் கணக்கே மாறிவிடும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருபவர்கள் வழியில் எங்காவது விமானம் மாறித்தான் ஆக வேண்டும். சென்னைக்காரர்கள் பெரும்பாலும் தோஹா, துபாய் அல்லது ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வருகிறார்கள். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இஸ்தான்புல்லும் உண்டு. அங்கிருந்து புக்கரெஸ்ட் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்.

இதில் எந்த வழி என்பது விலையை மட்டும் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை. ருமேனியா ஷெங்கனில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) இல்லை என்று சொல்லும் பழைய தகவல்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன; நம்ப வேண்டாம். 2024 மார்ச் 31 முதல் விமானம், கப்பல் வழிகளுக்கும், 2025 ஜனவரி 1 முதல் சாலை, ரயில் வழிகளுக்கும் ருமேனியா முழு ஷெங்கன் நாடு. அதனால் ஷெங்கனுக்குள்ளேயே இருக்கிற ஃபிராங்க்ஃபர்ட் அல்லது வியன்னா வழியாக வந்தால் இமிகிரேஷன் அங்கேயே நடந்துவிடும். புக்கரெஸ்ட்டில் இறங்கினால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் நின்று, எங்கே வேலை, யார் முதலாளி என்று கேட்டால் பதில் சொல்லி, அடுத்த விமானத்தையும் பிடிக்க வேண்டும். நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கிற டிக்கெட்டாக எடுங்கள். வேலை ஒப்பந்தம், வேலை அனுமதி, தங்குமிட முகவரி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

தோஹா, துபாய், இஸ்தான்புல் வழியாக வந்தால் இமிகிரேஷன் நடப்பது புக்கரெஸ்ட்டின் ஒட்டோபெனி விமான நிலையத்தில். ருமேனிய வேலை விசா அங்கே இருக்கும் அதிகாரிகளுக்குத் தினமும் பார்க்கிற ஒன்று. முதல் முறை வெளிநாடு வருபவருக்கு இந்த வழிதான் நல்லது என்பேன், கொஞ்சம் விலை கூடினாலும் சரி.

இஸ்தான்புல்லில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே விமான நிலையங்கள் இரண்டு. ஒன்று ஐரோப்பியப் பக்கம்; இன்னொன்றான சபிஹா கோக்சென் ஆசியப் பக்கம். ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டி மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் துருக்கிக்குள் நுழைந்துதான் ஊரைக் கடக்க வேண்டும், அதற்குத் தனி விசா வேண்டும். எந்த ஊர் வழியாக வந்தாலும் ஒரே டிக்கெட், ஒரே முன்பதிவு எண், பெட்டி நேராகக் கடைசி ஊருக்கு என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரி, இனி உள்ளூர்ப் பயணம். ருமேனிய ரயில் மெதுவாகப் போகும். புக்கரெஸ்ட்டிலிருந்து பிரஷோவ் 166 கிலோமீட்டர்தான், கார்பேத்திய மலை ஏறி இறங்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். க்ளூஜுக்கு ஒன்பது பத்து மணி நேரம். திமிஷோவாராவுக்கும் கிட்டத்தட்ட ஒரு பகல் முழுவதும். முப்பது கிலோ பெட்டியை வைத்துக்கொண்டு, விமானத்தில் தூங்காமல் வந்த களைப்போடு இது வேண்டாத வேலை. விமான டிக்கெட்டையே க்ளூஜ் வரைக்கும் கேளுங்கள். ரயில்தான் என்றால் 'ஐ.ஆர்.' வண்டியைப் பிடியுங்கள். 'ஆர்' என்று போட்டிருப்பது நின்று நின்று போகிற பாசஞ்சர்.

மேற்கே திமிஷோவாரா, அராத், ஒராத்யா பக்கம் வேலை என்றால் புடாபெஸ்ட்டில் இறங்குவதையும் யோசிக்கலாம். திமிஷோவாராவுக்குப் புடாபெஸ்ட்டிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர்; புக்கரெஸ்ட்டிலிருந்தோ 500-க்கு மேல். ஹங்கேரியும் ஷெங்கன் என்பதால் ருமேனிய நீண்டகால விசாவோடு கடந்து வரலாம். புடாபெஸ்ட் கெலெட்டி நிலையத்திலிருந்து அராத்துக்கு ரயில் இருக்கிறது, விமான நிலையத்திலிருந்தே வேன்களும் ஓடுகின்றன. ருமேனியக் கடிகாரம் ஹங்கேரியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அழைத்துப்போக வருபவருக்கு நேரம் சொல்லும்போது ஞாபகம் வையுங்கள்.

ஒட்டோபெனியில் இறங்கினால் ஊருக்குள் போக 2020 டிசம்பரிலிருந்து ரயில் ஓடுகிறது. காரா தெ நோர்ட் என்ற முக்கிய நிலையத்துக்கு அரை மணி நேரத்துக்குள் போய்விடும். நடு ஊர் உனிரீ சதுக்கம் வரைக்கும் 100-ஆம் எண் பஸ். ஏறியதும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். டாக்ஸி என்றால் உள்ளே இருக்கும் தொடுதிரையில் பதிவு செய்யுங்கள், அல்லது போல்ட், ஊபர். வாசலில் "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிட்டு வருபவரோடு போகாதீர்கள். இங்கே யூரோ செல்லாது, லெய் வேண்டும். விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் மாற்றலாம்.

அப்புறம், அம்மா கட்டிக்கொடுக்கிற மூட்டை. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது, அதனால் நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள். கருவாடு 20 கிலோ வரைக்கும் கொண்டுவரலாம். நன்றாகச் சுற்றிக் கட்டுங்கள், பக்கத்துப் பெட்டிக்காரர் பாவம்.